ஓய்வுநாளில் மிதிவண்டி ஏறியவள்

1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை. வடகிழக்குக் காற்று முகத்தை அறுத்தது. விடியற்காலைத் தூறல் ஆராதனை தொடங்குமுன் நின்றுவிட்டது.

ஃபெம்மி பிராக்கெலுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எங்கள் ஊர்ப் பால்பண்ணையில் வெண்ணெய் பொதியும் பெண் என்றே அவளை அறிந்திருந்தோம். எங்கள் நாட்டைப் பிடித்திருந்த ஜெர்மானியரை எதிர்த்து மறைவாகப் போராடிய குழுவில் அவளும் ஒருத்தி என்பதை வெகு சிலரே அறிவர். பங்கீட்டு அலுவலகத்தில் உணவு அட்டைகளைத் திருடியிருந்தாள். ரயில் பாதைக்கு வெடி வைத்திருந்தாள். டர்னிப் கிழங்குக் கூடையின் அடியில் துப்பாக்கிகள் கடத்தினாள். குழுவினர் அனைவரும் சீர்திருத்தச் சபையின் பக்திமான்கள். ஆகவே, ஒவ்வொரு குற்றத்தையும் வேதத்தை ஆராய்ந்த பின்னரே செய்தார்கள். ஒற்றர்களை ஒளித்துப் பொய்யுரைத்த ராகாபை வேதமே புகழ்வதால், பொய்க்குத் தடையில்லை என்று முடிவாயிற்று. ஓய்வுநாளில் மிதிவண்டி ஓட்டலாமா என்ற கேள்வி மட்டும் எழவேயில்லை. ராகாபிடம் மிதிவண்டி இருந்ததில்லை. எங்கள் ஊரில் எல்லோரிடமும் இருந்தது, ஆனால் ஓய்வுநாளான ஞாயிறன்று அது பாவம் என்பதால் தொட்டவர் எவருமில்லை.

அன்று காலை ஆராதனையில், தொலைபேசி இணைப்பகத்தில் பணிபுரிந்த ரிகா அவளருகே அமர்ந்தாள். எங்கள் சபை சங்கீதத்தை மிகவும் நிதானமாகப் பாடும். ஓரடி முடிவதற்குள் ஒரு செய்தியை முழுமையாகச் சொல்லிவிடலாம்.

"புதர்வெளிப் பண்ணைக்கு ஜெர்மன்காரனுங்க லாரி அனுப்புறானுங்கடி. போன்ல கேட்டேன்," என்றாள் ரிகா, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "மத்தியான ஆராதனை நேரத்துல. ஊரே கோயில்ல இருக்கும்ல."

அந்தப் பண்ணையின் வைக்கோல் பரணில் ஒரு யூதத் தம்பதியும் அவர்களுடைய சிறுமியும் ஒளிந்திருந்தனர். அவர்களை அங்கே சேர்த்தவளே ஃபெம்மிதான். காலை ஆராதனை நீண்டு முடிந்தபோது மத்தியான ஆராதனைக்குச் சிறிது நேரமே இருந்தது; நடந்து போனால் லாரி முந்திவிடும். கோயிலைக் கடக்காமல் போக வேறு பாதையும் கிடையாது.

மத்தியான ஆராதனைக்காகக் கறுப்பு உடையில் ஊரே கோயில் வாசலில் கூடியிருந்தபோது, அவள் மிதிவண்டியில் வந்தாள். சபை மூப்பர் ரோஸ்பூம் பாய்ந்து கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

"ஏய் ஃபெம்மி! இன்னைக்கு என்ன கிழமைன்னு தெரியுமா?"

"தெரியும் மூப்பரே. கைய எடுங்க."

"தெரிஞ்சேவா மிதிக்கிற? உங்க அம்மா உள்ள சங்கீதப் புத்தகத்தோட உக்காந்திருக்கா!"

ஜெர்மானியருக்கு ஊழியம் செய்த காவலர் லுப்பெர்ட்டும் அங்கே நின்றிருந்தான். அவனும் எங்கள் சபையில் வளர்ந்தவன். ஆகவே அவனுடைய சந்தேகம் முறையானது.

"நம்ம ஊர்ப் பொண்ணு ஞாயித்துக்கிழமை சும்மா சைக்கிள் எடுக்க மாட்டாளே. எங்க போற?"

வைத்தியரை அழைக்க என்று சொல்ல வழியில்லை. வைத்தியர் கோயிலுக்குள் இரண்டாம் வரிசையில் அமர்ந்திருந்தார். ஃபெம்மி தலைகுனிந்தாள்.

"ஒரு பையனப் பாக்க, லுப்பெர்ட் அண்ணே."

"எந்தப் பையன்?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம்... கத்தோலிக்கப் பையன்."

மூப்பரின் கை தானாகவே கைப்பிடியை விட்டது. லுப்பெர்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"கேட்டீங்களா மூப்பரே! கல்யாணத்துக்குப் போப்பாண்டவரே வருவாராம்! போ போ, பாவம், பையன் ஜெபமாலைய உருட்டிக்கிட்டுக் காத்திருப்பான்!"

எங்கள் ஊர்ப் பெண்ணொருத்தி சபைக்கு ஆகாத கத்தோலிக்கனைக் காதலிக்கும் அவமானத்தைத் தானே கற்பனை செய்து சுமப்பாள் என்று நம்ப அவனால் இயலவில்லை.

லாரி வந்தபோது அம்மூவரும் ஃபெம்மியுடன் புதர்வெளிக் குழியொன்றில் படுத்திருந்தார்கள். வீரர்கள் வைக்கோலைக் குத்திப் பார்த்துவிட்டு, பண்ணைக்காரர் தொங்கவிட்டிருந்த பன்றித்தொடையை எடுத்துக்கொண்டு திரும்பினர்.

ஃபெம்மிக்குச் சபை திருவிருந்தை மறுத்தது. அண்டை வீட்டார் அவளுடைய தாயுடன் பேசுவதை நிறுத்தினர். உண்மையைச் சொன்னால் மூன்று உயிர்கள் போகும் என்பதால் அவள் வாய் திறக்கவில்லை. ஆனால் அவப்பெயருக்கும் ஒரு வசதி இருந்தது: அதன்பின் ஞாயிறுதோறும் அவள் துப்பாக்கிகளோடு ஊரைக் கடந்தாள், லுப்பெர்ட் கண்ணடித்து வழிவிட்டான்.

மறு ஆண்டு ஏப்ரலில் கனடா நாட்டுப் படை ஊருக்குள் வந்தது. உண்மை வெளியாயிற்று. மூப்பர் ரோஸ்பூம், தொப்பியைக் கையில் பிடித்தபடி, பிராக்கெல் வீட்டுக்கு வந்தார்.

"கத்தோலிக்கப் பையன் விஷயத்துல சபை உன்கிட்ட மன்னிப்புக் கேக்குது. பொய், திருட்டு, வெடி, இதெல்லாம் பேசி முடிச்சாச்சு. அந்த முதல் ஞாயிறு உயிரக் காப்பாத்துன, அதையும் ஒத்துக்கிட்டோம். ஆனா அதுக்கப்புறம் போன ஞாயிறெல்லாம்? துப்பாக்கிய சனிக்கிழமையே கொண்டுபோயிருக்கலாமேம்மா?"

"சனிக்கிழமை லுப்பெர்ட் கூடையத் தொறந்து பாப்பான், மூப்பரே."

"அது சரி. ஆனா சபைக்கு ஒரு சொல் வேணும். சொல்லிட்டா வர்ற திருவிருந்துக்கு அம்மா பக்கத்துலயே உக்காரலாம்."

"சொல்லிடேன்டி," என்றாள் தாய். ஓராண்டாகத் திருவிருந்து மேசையில் அவள் தனியே அமர்ந்திருந்தாள்.

மூப்பர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஓய்வுநாள்ல ஓட்டுனதுக்கு வருத்தப்படுறியா, ஃபெம்மி?"

"இல்ல மூப்பரே."