சுருளியம்மாளின் கறுப்புத் துப்பாக்கி

போடியிலிருந்து மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகளில் பெண் ஓட்டுவது ஒன்றே ஒன்றுதான். ஓட்டுபவள் சுருளியம்மாள். அவள் கணவன் கன்னையன் பதினெட்டு வருஷம் போடிமெட்டு வளைவுகளில் ஓட்டி, இடுப்பு விட்டுப்போய்ப் படுத்தபோது, வண்டியை விற்றுத் தள்ளிவிடலாம் என்றுதான் சொந்தக்காரர்கள் சொன்னார்கள். ஆறே மாதத்தில் லைசென்சோடு வந்து நின்றாள் அவள். இப்போது கன்னையன் சோறு பொங்குகிறான். அவள் ஏலத்தோட்டத்துக்குப் பன்னிரண்டு பெண்களைக் காலையில் ஏற்றிப்போய்ச் சாயங்காலம் ஊரூராக இறக்குகிறாள். அவன் வைக்கும் ரசத்துக்குத் தன் ரசம் உறைபோடக் காணாது என்று அவளே ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

கடைசி ஆளை ராசிங்காபுரத்தில் இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும் வழியில்தான் வம்பு வந்தது. ஒரு மாசி மாதச் சாயங்காலம், பைக்கில் வந்த இரண்டு பேர் ஜீப்புக்குக் குறுக்கே நிறுத்தினார்கள். ஒருவன் உள்ளே கைவிட்டுச் சாவியைப் பிடுங்கி, பொம்பளைக்கு எதற்கு ஸ்டீயரிங் என்று சிரித்தான். எதிரே தக்காளி லோடு லாரி ஒன்று வரவும், சாவியை வேலியோரம் எறிந்துவிட்டுப் போய்விட்டார்கள். முள்ளுக்குள் அரைமணி நேரம் துழாவி எடுத்தாள். வீட்டில் மூச்சுவிடவில்லை. சொன்னால் கன்னையன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முன்சீட்டில் வந்து உட்கார்ந்துவிடுவான்.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போனவள் ராட்டினத்துப் பக்கத்துக் கடையில் கறுப்புத் துப்பாக்கி ஒன்று வாங்கினாள். பிளாஸ்டிக்தான், தள்ளி நின்று பார்த்தால் அசல். குழல் நுனியில் பொம்மை என்று காட்டிக்கொடுத்த ஆரஞ்சு வளையத்தின்மேல் மையைப் பூசினாள். சீட்டுக்கடியில் அது இருக்கிற தைரியத்தில் பழையபடி பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்ட ஆரம்பித்தாள்.

வைகாசியில் அதே பைக், அதே இடம். இருவரும் இறங்கி ஜன்னல் பக்கம் வந்தார்கள். சீட்டுக்கடியிலிருந்து துப்பாக்கியை எடுத்து நீட்டினாள். பைக் வந்த வழியே பறந்தது. வீடு சேரும்வரை தனக்குத்தானே சிரித்துக்கொண்டே போனாள்.

மறுநாள் காலை, அடிவாரச் சோதனைச் சாவடியில் நான்கு போலீஸ்காரர்கள் ஜீப்பைச் சூழ்ந்துகொண்டார்கள். கையைத் தூக்கியபடி இறங்கச் சொன்னதும் பன்னிரண்டு பெண்களும் தூக்குவாளியோடு கையைத் தூக்கினார்கள். எஸ்.ஐ. தமிழ்செல்வி துப்பாக்கியைக் கைக்குட்டையால் எடுத்தாள். கனமே இல்லாததைப் பார்த்து விசையை அழுத்தினாள். சிவப்பு விளக்கு மின்ன, "ஃபயர், ஃபயர்" என்று ஒரு கீச்சுக்குரல் கத்தியது. ஏட்டய்யா ஒருவர் இருமுவதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தமிழ்செல்வி மட்டும் சிரிக்கவில்லை.

"பொம்மையா இருந்தாலும் நீட்டி மிரட்டுனா கேசுதான்க்கா. அந்த ஆரஞ்ச எதுக்கு அழிச்சீங்க? நெசமுன்னு நெனச்சு எங்காளுக சுட்டுருந்தா?"

அதைச் சுருளியம்மாள் யோசித்தே பார்த்திருக்கவில்லை. மாசியில் நடந்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னாள். அப்போதே ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, "வண்டி ஸ்டேசன்ல நின்னா பன்னெண்டு பேரு சோலி கெட்டுரும்மா" என்றாள்.

ஜீப்பில் ஒரு பெண் துப்பாக்கி வைத்திருக்கிறாள் என்று புகார் எழுதிக் கொடுத்தவர்கள் அந்த இரண்டு பேர்தான். பெயர், விலாசம், போன் நம்பர், பைக் நம்பர் எல்லாம் அவர்கள் கையெழுத்திலேயே இருந்தன. தமிழ்செல்வி அவர்களை வரவழைத்து ஒரே கேள்விதான் கேட்டாள்.

"அந்தக்கா துப்பாக்கிய எடுக்குற அளவுக்கு ஜன்னல்கிட்ட உங்களுக்கு என்ன சோலி?"

அவர்கள்மேல் வழக்கு பதிவானது. இனி இப்படிச் செய்யமாட்டேன் என்று சுருளியம்மாளும் எழுதிக் கொடுத்தாள். பொம்மை ஸ்டேஷனோடு போயிற்று. துணைக்கு ஏதாவது வேண்டுமென்றால் மிளகு ஸ்பிரே வைத்துக்கொள்ளலாம், அதுவும் ஆபத்துக்கு மட்டும் என்று சொல்லி அனுப்பினாள் தமிழ்செல்வி.

எல்லாவற்றையும் கேட்ட கன்னையன், தன்னிடம் மறைத்ததற்காக ஒரு வேளைச் சாப்பாட்டைப் பேசாமல் பரிமாறினான். அடுத்த வேளை அவனே மருந்துக்கடைக்குப் போய் ஸ்பிரே வாங்கிவந்து, வாசலில் நின்று ஒருமுறை அடித்துப் பார்த்தான். மலைக்காற்று அதைத் திருப்பி வீட்டுக்குள்ளேயே தள்ளியது. புருஷனும் பொஞ்சாதியும் தும்மித் தும்மிக் கண்ணீர்விட, துக்கம் கேட்க வந்துவிட்டார்கள் பக்கத்து வீட்டார்.

பத்து நாள் கழித்து ஜீப் ஸ்டாண்டில் கருத்தம்மாள் என்ற பெண் வந்து ஒதுங்கி நின்றாள். வேறு ஜீப்பில் அதே மலைக்குக் காய் எடுக்கப் போகிறவள்.

"சாவியப் பிடுங்குனது எம்மகன்தான். ஒன் மொகத்துல முழிக்கக் கூசுது. நான் ஒன் வண்டியில வரலாமா ஆத்தா?"

சுருளியம்மாள் முன்சீட்டைத் துணியால் துடைத்துவிட்டு, "ஏறுங்க மதினி, வெரசா" என்றாள்.

முதல் நாலு வளைவுவரை கருத்தம்மாள் வாய் திறக்கவில்லை. பதினேழாவது வளைவு வருவதற்குள் மூன்று கதை சொல்லி முடித்திருந்தாள். நான்காவதைக் கேட்டுப் பின்சீட்டில் நச்சரித்துக்கொண்டிருந்தார்கள்.