வாலைத் தூக்கும் எறும்பு

அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் வேலை பார்க்கும் அவளுக்குத் தெருவில் 'சல்லடை அக்கா' என்று பெயர். வீட்டு மாவுச் சல்லடையைத் தூக்கிப்போய்க் குப்பையைச் சலித்தால் வேறென்ன பெயர் வரும்? நாத்தனார் மூக்கைப் பிடித்துக்கொண்டு புதுச் சல்லடை வாங்கி வந்து, அதைப் பூட்டியும் வைத்துவிட்டாள்.

அவள் தேடியது அரிசியைவிடச் சின்னதான ஒரு கறுப்பு வண்டை. பாதி முதுகைத்தான் இறக்கை மூடியிருக்கும். செடித்தொட்டி மண்ணோடு கடல் தாண்டி வந்தது. நாற்றுப் பண்ணையின் எருக்குவியலில் ஒன்றே ஒன்று கிடைத்திருந்தது. அதை நம்பி, எந்தப் பூச்சி எங்கே வாழ்கிறது என்று காட்டும் வரைபடத்தில் 'குடியேறியது' என்று போட முடியாது என்றார் பிரிவுத் தலைவர். இன்னோர் இடத்திலும் குஞ்சு குளுவானோடு இருந்தால் சரி. இல்லாவிட்டால் 'வந்து போனது'. வரைபடம் மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது.

அது போகவில்லை, இங்கேதான் இருக்கிறது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. வேலை முடிந்ததும் வீடு வீடாகப் போய், குப்பையில் சின்னக் கறுப்பு வண்டு உண்டா என்று விசாரித்தாள். சிலர் இல்லையென்றார்கள். சிலர் அக்கறையாகக் கொழுத்த சாண வண்டுகளைப் பிடித்துக் கொடுத்தார்கள்.

விளையாட்டு மைதானத்தில் புல் வெட்டுகிறவரும் வண்டே கிடையாது என்று சத்தியம் செய்தார். சொல்லிக்கொண்டே மணிக்கட்டில் ஊர்ந்த எதையோ தட்டிவிட்டார்.

"என்னண்ணே அது?"

"எறும்பும்மா. தேளாட்டம் வாலத் தூக்கும். வெட்டிப்போட்ட புல்லுல மொய்க்குது."

"அண்ணே, இதுதான் நான் கேட்ட வண்டு."

"இதுவா? வண்டுன்னா உருண்டையா இருக்க வேண்டாமா?"

மைதான மூலையில் புல் மக்கி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பழைய வேட்டியை விரித்துச் சலித்தாள். வண்டுகள் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடின. கூடவே வெளிறிய இளம்புழுக்கள்.

மறுநாளிலிருந்து ஏறி இறங்கிய வாசலுக்கெல்லாம் திரும்பப் போனாள். வாலைத் தூக்கும் எறும்பு உண்டா என்று கேட்டதும் ஆளாளுக்குக் கை காட்டினார்கள். காய்ந்த சருகில் அது இல்லை, சமையல் கழிவிலும் இல்லை. வெட்டிய புல் ஈரமாகப் புழுங்கிய இடத்திலெல்லாம் இருந்தது. அவள் கொண்டுபோன வண்டுகளையும் புழுக்களையும் தலைவர் லென்ஸில் வெகுநேரம் பார்த்தார். பிறகு 'வந்து போனது' என்பதை அடித்துவிட்டு, மாற்றி எழுதினார்.

அன்று வீட்டுக்கு வந்தால் நாத்தனார் வாசலிலேயே நின்றாள்.

"அண்ணி, நம்ம கொல்லையில வெட்டிப்போட்ட புல்லுலயும் அந்த எறும்பு இருக்கு."

"எறும்பு இல்ல..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சல்லடையோடு கொல்லைப்பக்கம் நடந்தாள்.