கண்ணாடிப் பெட்டிக்குள் கண்மலர்

அந்த மியூசியத்துக்குப் போக எனக்கு விருப்பமே இல்லை. பினாங்கில் பிறந்து பினாங்கிலேயே கிடப்பவளுக்குப் பினாங்கின் பழைய சாமான்களை எதற்குக் காட்ட வேண்டும்? என் கணவர்தான் விடவில்லை. கடற்கரைப் பக்கத்துப் பழைய பங்களா ஒன்றில் ஊர்ச் சரித்திரம் என்று சொல்லிப் பொருள்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அதில் பாதி அவருடைய கம்பெனித் துரை சேர்த்தவை. துரையின் பெருமையில் குமாஸ்தாவுக்கும் பங்கு உண்டு என்ற நினைப்பு அவருக்கு. எங்கள் ஒன்பது வயது மகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீடு இருந்த டத்தோ கிராமாட்டிலிருந்து ரிக்‌ஷாவில் போய் இறங்கினோம்.

பீரங்கிக் குண்டுகள், சீனர்களின் தராசு, துருப்பிடித்த கத்திகள். மகளுக்கு ஒவ்வொன்றையும் நான்தான் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. ஐந்து வயதில் அம்மை போட்டதிலிருந்து அவளுக்கு வலக்கண்ணில் பூ விழுந்திருந்தது. மியூசியத்துக்குப் போன அந்த வருஷம் இடக்கண்ணும் மங்கத் தொடங்கிவிட்டது. எனக்குச் சோறு இறங்காத காலம் அது.

கடைசி அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே வெற்றிலைப் பெட்டி, பாக்குவெட்டி, நடுவில் ஒரு ஜோடி வெள்ளிக் கண்மலர். வலக்கண்ணின் ஓரம் நசுங்கியிருந்தது.

அது நான் செய்யச் சொன்ன கண்மலர். மகளின் கண் தெளிந்தால் போதுமென்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டது. மஞ்சள் துணியில் முடிச்சுப் போடும்போது கைதவறி அம்மிமேல் விழுந்து ஓரம் நசுங்கியது. கோயிலுக்குப் புறப்படும் நேரத்தில் எனக்குத் தீட்டாகிவிட்டது. நாலு நாள் பொறுத்திருக்கலாம். பொறுக்க மனமில்லாமல், உண்டியலில் போட்டுவிடச் சொல்லி இவர் கையில் கொடுத்தனுப்பினேன். புத்தி கெட்டவள் நான்.

"இது என்னன்னு எழுதியிருக்கு? படிங்க" என்றேன்.

அவர் பெட்டியைப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. "இந்தியப் பொம்பளைங்க நகைன்னு போட்டிருக்கு."

"உண்டியல்ல போட்டுட்டேன்னு சொன்னீங்களே?"

"மெதுவா பேசு லா, ஆளுங்க பாக்குறாங்க. போற வழியில ஆபீசுக்குள்ள நொழஞ்சேன். கையில என்னன்னு தொரை கேட்டாரு, அவுத்துக் காட்டினேன். நல்லா இருக்குன்னு எடுத்துக்கிட்டாரு. அவருகிட்ட எப்படித் திருப்பிக் கேக்குறது? வேற வாங்கிப் போட்டுடலாம்னுதான் நெனச்சேன்."

"போட்டீங்களா?"

அவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார்.

நாலு வருஷம்! வெள்ளிக்கிழமை தவறாமல் போய் நின்று அம்மனைத் திட்டியிருக்கிறேன். வாங்கிக்கொண்டும் பாராமுகமாக இருக்கிறாயே, நீயும் ஒரு தாயா என்று வாய் கூசாமல் கேட்டிருக்கிறேன். பாவம், அவளுக்கு அது போய்ச் சேரவே இல்லை. போட்டிருந்தால் கண் தெளிந்திருக்குமா என்று இன்று கேட்டால் எனக்குத் தெரியாது. அன்று எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. கண்ணாடியை உடைத்து எடுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடிவிடலாமா என்று கை பரபரத்தது. அறை வாசலில் காவல்காரர் நின்றுகொண்டிருந்தார்.

அதற்குள் மகள் பெட்டியருகே வந்துவிட்டாள். கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"உள்ள பளபளன்னு ரெண்டு கெடக்கே, என்னம்மா அது? மீனா?"

என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஆமா, மீனுதான்" என்றேன்.