பார் மெஸ் ஆன ஆடி மாதம்

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், டயர் கடைக்கு அடுத்து நான் வேலை பார்த்த பார் இருந்தது. முன்னால் அரசு மதுக்கடை. பின்னால் தகரக் கூரை போட்ட பார். ஏழாவதோடு படிப்பை விட்டபின் நான் பார்த்த வேலைகளில் அதிக நாள் நிலைத்தது அதுதான். சாப்பாடு கிடைத்தது, படுக்க ஒரு பெஞ்சும் கிடைத்தது.

உள்ளே நுழைந்ததும் சுவரில் ஒரு பலகை, அதில் வரிசையாகக் கொக்கிகள். ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் கழுத்தில் தொங்கும் கம்பெனி அட்டையைக் கழற்றி அதில் மாட்டிவிட்டுத்தான் உட்காருவார்கள். அட்டையோடு குடிப்பதை யாராவது படம் எடுத்து அனுப்பினால் வேலை போய்விடும். புதிதாக வருகிறவனிடம், "மொதல்ல தாலியக் கழட்டி மாட்டுடா மாப்ள" என்று யாராவது சொல்லிக்கொடுப்பார்கள்.

அடுப்படியில் ஓர் அக்கா மீன் பொரிப்பார். தூத்துக்குடிப் பக்கம் கடலோர ஊர். கணவர் இறந்ததும் மகளை ஊரில் படிக்க விட்டுவிட்டு வந்தவர்.

மதுக்கடையை நெடுஞ்சாலையிலிருந்து தள்ளி வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. கடை போனது, கூடவே பாரும் போனது. இடத்துக்காரர் பக்கத்து ஊர் விவசாயி. கட்டடத்தை இடித்துவிட்டு குடோனுக்கு விடப் போவதாகச் சொன்னார். அக்கா அதை மெஸ் நடத்தக் கேட்டார்.

"இன்னாமா பேசுற? குடிச்ச எடத்துல எவன் வந்து சோறு துன்னுவான்?"

"குடிச்சப்பவும் என் மீனத்தானே தின்னாவ, அண்ணாச்சி."

அவர் சிரித்துவிட்டார். "ஆடில நான் செவுத்துல கை வெக்க மாட்டேன். ஆடி முடியிற வரிக்கும் ஓட்டிப் பாரு. ஆவணி பொறந்தா ஜேசிபி வந்துரும்."

அக்காவுக்கு வேறு போக்கிடம் இல்லை. எனக்கு எங்கே போனாலும் ஒன்றுதான், அதனால் இருந்தேன்.

சுவரைச் சுரண்டினேன். பாரின் பச்சைப் பெயின்டுக்கு அடியில் காவி வந்தது. அது சாராயக்கடைக் காலம் என்றார் பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்காரர். அதற்கும் முன்னால் இங்கே சுவரே கிடையாதாம். ஏரிக்கரைப் பனைகளில் கள் இறக்கி, அவருடைய அப்பா ஓலைக் கொட்டகையில் விற்றிருக்கிறார். நான் வெள்ளை அடித்தேன்.

"அக்கா, கொக்கிப் பலகையையும் எடுத்துரவா?"

"கெடக்கட்டும்ல. பை, மழக்கோட்டு மாட்டலாம்லா."

முதல் வாரம் பழைய ஆட்கள் வந்தார்கள். பழக்கத்தில் அட்டையை மாட்டிவிட்டு உட்கார்ந்து, "கிளாஸ் எங்கடா?" என்றார்கள். நான் தண்ணீர் வைத்தேன். பாதிப் பேர் திட்டிக்கொண்டே எழுந்து புதுக்கடைக்குப் போனார்கள்.

எதிரில் கம்பெனி பஸ்ஸிலிருந்து ஹாஸ்டல் பெண்கள் இறங்குவார்கள். பார் இருந்தபோது போலவே அப்போதும் எங்கள் பக்கம் வராமல் சாலையின் அந்த ஓரமாகவே நடந்தார்கள். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளுவ வந்தாத்தான் இது சாப்பாட்டுக் கட. அதுவரைக்கும் பாருதான்."

மறுநாள் பின்கட்டு அடுப்பைத் தூக்கி முன்னால் வைக்கச் சொன்னார். பாட்டில் விற்ற இடத்துக் கம்பி வலையைப் பெயர்த்தெடுத்தேன். சாலையைப் பார்த்து நின்று பொரிக்க ஆரம்பித்தார். இரண்டு நாள் கழித்து மூன்று பெண்கள் சாலையைக் கடந்து வந்தார்கள்.

"அக்கா, இது பார்தான?"

"பாரு போயிட்டு, நான் நிக்கேன். சாளையா, நெத்திலியா?"

"பார்சல் குடுங்க. உள்ளல்லாம் வரமாட்டோம்."

"ஒன்ன யாருட்டி உள்ள கூப்பிட்டா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அதன்பிறகு தினமும் பார்சல் வாங்கினார்கள். வாசலைத் தாண்டவில்லை. ஆடி முக்கால்வாசி போய்விட்டது. நான் என் துணிமணிகளைப் பையில் கட்டிக் கொக்கியில் தொங்கவிட்டேன்.

ஒரு சாயங்காலம் சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸிலிருந்து இறங்கிய பத்துப் பன்னிரண்டு பேரும் ஓடி உள்ளே வந்துவிட்டார்கள். மீன் பொரியும் வாசனையில் எவ்வளவு நேரம் நிற்பது? உட்கார்ந்து சோறு கேட்டார்கள். குனியும்போதெல்லாம் ஒருத்தியின் அட்டை குழம்பில் விழுந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள். மற்றவர்களும் மாட்டினார்கள். பழைய ஆட்கள் இரண்டு பேர் வந்து, பலகையில் இடமில்லாததைப் பார்த்து வாசலிலேயே நனைந்துகொண்டு நின்றார்கள்.

"உள்ள வாங்கண்ணே, ஒண்ணும் செய்ய மாட்டோம்" என்றாள் ஒருத்தி.

ஆடி முடிகிற நேரத்தில் இடத்துக்காரர் அளக்கிற டேப்போடு ஓர் ஆளைக் கூட்டிவந்தார். மதியச் சாப்பாட்டு நேரம், பெஞ்சு முழுக்க ஆட்கள். அக்கா கரண்டியை நிறுத்தவில்லை.

"அளந்துக்கிடுங்க அண்ணாச்சி. சாப்புடுறவங்க கால மட்டும் மிதிச்சிராதிய."

அவர் தோள் துண்டை எடுத்து என் பைக்கு மேலேயே மாட்டிவிட்டு, ஒரு மூலையில் நெருக்கி உட்கார்ந்து சாப்பிட்டார். எழுந்தவர் எல்லாரையும் பார்த்தார்.

"எங்கப்பன் காலத்துலேர்ந்து இந்த எடத்துல எவனும் தெளிவா எழுந்து போனதில்ல. இன்னிக்குத்தான் பாக்குறேன்."

"அப்பம் அந்த டேப்ப வச்சுக் கை கழுவுற எடத்துக்கு அளக்கச் சொல்லுங்க. பொம்பளப் பிள்ளைகளுக்கு ஒரு கக்கூஸும் வேணும்."

"குடோனுக்கு வேற எடமா இல்ல" என்று முணுமுணுத்தபடி அவர் டேப்காரரை உள்ளே கூப்பிட்டார். பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. டேப்பின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனேன்.