பூட்டிய வீடுகளுக்குப் போன நர்ஸ்

கமா என்பது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மூன்று பேர் இரண்டு நாளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டு தேடிய பிழை ஒரு கமா விடுபட்டதால் வந்தது என்று கண்டுபிடித்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது நாற்பத்திரண்டு வயது. கணவரோடு ஒத்துவராமல் பிரிந்து ஏழு வருடம். அம்மா அண்ணன் வீட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி போனை அம்மா கையில் கொடுத்தால், "சாப்டியா? உடம்பப் பாத்துக்க" என்பாள். அவ்வளவுதான்.

நிறுவனம் அலுவலகத்தைக் காலி செய்துவிட்டு எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னபோது, மூன்றாம் மாடி ஒற்றை அறையில் கட்டிலுக்கும் சமையல் மேடைக்கும் நடுவே மேசையைப் போட்டுக்கொண்டாள். சக ஊழியர்களோடு பேச்செல்லாம் தட்டச்சில்தான். சில நாள் மாலையில் கடைக்காரரிடம் "ஒரு பால் பாக்கெட்" என்று கேட்கும்போது தொண்டை கரகரக்கும். அன்றைக்கு வாயைத் திறந்தது அப்போதுதான் என்று அதன் பிறகு உறைக்கும்.

நோயாளிகள் வீட்டுக்கே நர்ஸை அழைக்கும் செயலி ஒன்றை அவள் பார்த்துக்கொண்டாள். ஒரு செவ்வாய்க்கிழமை, உதவி எண்ணில் இருப்பவர் விடுப்பு எடுத்ததால் அழைப்பு நேரே அவளுக்கு வந்தது.

"மேடம், இந்த வாரத்துல இது மூணாவது பூட்டின வீடு. நாலு மாடி ஏறி வந்திருக்கேன். போன் பண்ணிக் கேட்டா, நர்ஸத் தேடிட்டு இருக்கும்போதே ரத்து பண்ணிட்டோமேங்கறாங்க. எனக்கு மட்டும் ஏன் போ போன்னு காட்டுது?"

"பாத்துச் சொல்றேன்மா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்று நர்ஸ் சிரித்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

கமா நிரலைத் திறந்தாள். நர்ஸைத் தேடுவது ஒரு நொடியில் முடிகிற காரியம் இல்லை. யார் பக்கத்தில் இருக்கிறார், யாருக்கு ஒழிவு என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். அதற்குள் நோயாளி ரத்துப் பொத்தானை அழுத்தினால், காத்திருக்கும் நிரலுக்குள் அந்த ரத்து ஒரு பிழையின் உருவத்தில் வந்து விழும். எந்தப் பிழை வந்தாலும் பிடித்து, மூன்று முறை திரும்ப முயலும்படி எழுதியிருந்தது. இணைப்பு விட்டுவிட்டு வரும் இடங்களுக்காகச் செய்த ஏற்பாடு அது. இணைப்பு போனதற்கும் ஒருவர் வேண்டாம் என்றதற்கும் அதற்கு வித்தியாசம் தெரியவில்லை. மறுபடி தேடப் போய்விட்டது. நோயாளியின் திரையில் ரத்து, நர்ஸின் திரையில் புது வீடு.

எந்தப் புண்ணியவான் எழுதியது என்று பார்த்தாள். அவள்தான், இரண்டு வருடத்துக்கு முன்பு. யாரிடமாவது சொல்லிச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

ரத்து வந்தால் திரும்ப முயலாமல் அங்கேயே நிறுத்தும்படி அன்றே மாற்றினாள்.

வியாழக்கிழமை நர்ஸ் மறுபடி அழைத்தாள். "பூட்டின வீட்டுத் தொல்லை விட்டுது மேடம். இப்ப வீடே வர மாட்டேங்குது. ரெண்டு மணி நேரமா பஸ் ஸ்டாப்ல உக்காந்திருக்கேன். கேட்டா நான் பிசியாம்!"

கமாவுக்குச் சுருக்கென்றது. தேடும்போது நர்ஸின் நேரத்தை முதலில் பிடித்துவைக்க வேண்டும். ரத்து வந்து தேடல் பாதியில் நின்றபோது, பிடித்த நேரத்தை விடுவிக்காமலே நின்றுவிட்டது.

"போன வைக்காதீங்க, இப்பவே கையால விடுவிக்கறேன்."

அதற்கு அரை மணி நேரம் ஆயிற்று. நர்ஸ் பேசிக்கொண்டே இருந்தாள். மகள் கணக்குப் பாடத்தில் வாங்கிய மார்க், குதிகால் வலி, நிற்காமல் போன பஸ்.

"உங்க வீட்ல யார் யாரு மேடம்?"

"நான்தான்."

"வேற யாரும் இல்லையா?"

"நான் இருக்கேனே, போதாதா?"

"போதும் மேடம். ஆனா பேச்சுத் துணைக்கு ஆள் வேணுமில்ல" என்றாள்.

முடிந்தாலும், தோற்றாலும், ரத்தானாலும், நிரல் வெளியேறும் முன் பிடித்ததை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று கமா மாற்றி எழுதினாள். ஒவ்வொரு கட்டத்திலும் தானே ரத்துப் பொத்தானை அழுத்திப் பார்த்தாள். நூறு முறைக்கு மேல் இருக்கும். எல்லாம் ஒழுங்காக நின்றது. மேலாளர் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினார்.

அதன் பிறகு நர்ஸ் அழைக்கவில்லை. அழைக்க ஒரு காரணமும் இல்லை. மூன்றாவது வாரம், ஒரு காலையில் கமாவே அழைத்தாள்.

"சொல்லுங்க மேடம், மறுபடி ஏதாவது கெட்டுப்போச்சா?"

"இல்ல, எல்லாம் சரியா இருக்கான்னு..."

"அருமையா இருக்கு. ஒரு குறையும் இல்ல. இருங்க, கதவத் தொறக்கறாங்க."

நர்ஸ் போனைத் துண்டிக்காமல் பைக்குள் போட்டுவிட்டாள் போலிருந்தது. "கைய நீட்டுங்க ஐயா, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்பது கேட்டது. நாற்காலி இழுபட்டது. ஒரு பெண் எதற்கோ சிரித்தாள். கமா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, அடுத்தவர் வீட்டை ஒட்டுக்கேட்பது சரியில்லை என்று அவளே துண்டித்தாள்.

மாலையில் செய்தி வந்தது: 'பாதியில கட் ஆயிடுச்சு மேடம். நாளைக்குப் பேசறேன்.'

மறுநாள் பேசவில்லை. அதற்கு மறுநாள் பேசினாள், நான்கு நிமிடம்.