முதலில் ஏறிய மாவு

எனக்கு என் ஓரகத்தி மேல் பொறாமை. சமயநல்லூரிலிருந்து என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்தவள். அவள் மாடியில், நான் கீழே. கோரிப்பாளையத்தில் எங்கள் சந்தில் யாரைக் கேட்டாலும் அவளைத் தங்கம் என்பார்கள். தங்கம்தான், யார் இல்லை என்றது? அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த வீட்டுக்காரி பிள்ளை பெற்றாளென்று அம்மிக் குழவியை எடுத்து வயிற்றில் குத்திக்கொண்டாளாம் ஒருத்தி. எனக்கு அடுத்த வீடு கூட இல்லை, ஒரே வீடு.

இட்லி மாவு வியாபாரத்தை ஆரம்பித்தவள் நான். கிரைண்டர் வாங்கி, பாக்கெட் ஒட்டும் மிஷின் வாங்கி, கடை கடையாக ஏறி இறங்கிக் கெஞ்சியவள் நான். எல்லாம் சூடு பிடிக்கிற நேரத்தில் மேலே இன்னொரு கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்டது. "நானும் சும்மாதானக்கா இருக்கேன்" என்றாள். சும்மா இருப்பவள் பாயில் படுத்து டிவி பார்க்க வேண்டியதுதானே? ஆனால் வீட்டில் யாரும் அப்படிக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இரண்டு பேர் மாவுக்கும் ஒரே லோடு ஆட்டோ. ஓட்டுவது என் வீட்டுக்காரர். நாகமலை தாண்டி, செக்கானூரணி, உசிலம்பட்டி என்று வழிநெடுகக் கடைகளுக்குப் போட்டுக்கொண்டே ஆண்டிபட்டி வரை போய்த் திரும்புவார். திரும்பும்போது வண்டியில் வராத நாளே கிடையாது, புளித்து, வயிறு உப்பிய பாக்கெட்டுகள். அத்தனையும் என்னுடையவை. அவளுடையது ஒன்று கூடத் திரும்பாது.

இதில் என்ன சூது என்று பார்க்க, பக்கத்து வீட்டு அக்காவை விட்டு அவள் பாக்கெட் ஒன்றை வாங்கிவரச் சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு இட்லி ஊற்றினேன். பக்கத்துத் தட்டில் என் மாவு. என் இட்லிதான் நல்ல இட்லி. சத்தியமாகச் சொல்கிறேன். அவளுடையதும் மோசமில்லை, அவ்வளவுதான். அப்புறம் எப்படி?

எனக்குத் தெரிந்த பதில் காபிதான். தினமும் வண்டி கிளம்பும் முன் மாடியிலிருந்து ஒரு டம்ளர் இறங்கி வரும். "மாமா, சூடா இருக்கு, பாத்துக் குடிங்க" என்பாள். இவரும் பல்லைக் காட்டிக்கொண்டு குடிப்பார். நான் போட்ட காபியில் சர்க்கரை ஜாஸ்தி என்கிற மனுசன்.

இப்படி இருக்கும்போதுதான் உசிலம்பட்டிக் கடைக்கார அண்ணன் சொல்லி அனுப்பினார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பெரிய கடை. பிரிட்ஜில் இடம் இல்லையாம். இனிமேல் ஒரே ஒரு மாவுதான் வைப்பாராம், எது என்று வாரக் கடைசியில் சொல்வாராம். எனக்குத் தூக்கம் போய்விட்டது. உசிலம்பட்டி நான் பிறந்த ஊர். நான் படித்த பள்ளிக்கூடம், என் அண்ணன் வீடு, என்னைத் தெரிந்த சனம் எல்லாம் அங்கேதான் இருக்கிறது. வேறு எந்த ஊரில் தோற்றாலும் தோற்றுத் தொலைக்கிறேன். என் ஊர்க் கடையில் அவள் மாவு உட்கார்ந்திருக்க, என் மாவு வெளியே நிற்பதா?

மறுநாள் விடிகாலை நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். "நீ எதுக்கு?" என்றார். "எங்க ஊருக்கு நான் வரக்கூடாதா?" என்றேன். வழியில் கடைகள் வந்தன. ஒவ்வொரு கடையிலும் இவர் பின்கதவைத் திறந்து மாவு எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். நான் முன்னால் உட்கார்ந்து கணக்காகப் பார்த்துக்கொண்டே வந்தேன். எல்லாம் அவள் பாக்கெட். உசிலம்பட்டியிலும் அவள் ட்ரேயைத்தான் இறக்கினார். நான் குதித்து இறங்கினேன்.

"ஏன், எம்மாவுக்குக் கை வலிக்குதோ? எடுத்துக் குடுங்க."

"ஒன்னோடது உள்ளுக்குள்ள கெடக்கு. அத எடுக்கணும்னா மொத்த லோடையும் நடுரோட்டுல எறக்கணும். பஸ்காரன் ஹாரன் அடிச்சே கொன்னுருவான். வாரப்பக் குடுக்குறேன்."

"வாரப்பவா? அதுக்குள்ள உச்சி வெயில் வந்துருமே!"

"தெனமும் அப்படித்தான். போறப்ப அந்தப் புள்ளயோடது, வாரப்ப ஒன்னோடது. கடைசியா ஏறுற சாமான்தான் மொதல்ல எறங்கும். லாரி செட்டுல யாரக் கேட்டாலும் சொல்லுவான்."

"இத எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"மூத்த மருமக மாவுதான் வண்டியில மொதல்ல ஏறணும்னு தெருவே வேடிக்க பாக்கச் சண்ட போட்டது ஆரு? சொன்னா கேக்குற ஆளா நீ?"

சண்டை போட்டது உண்மைதான். பொங்கலுக்கு முதல் பானை நான் வைப்பேன். குலசாமி கோயிலில் முதல் விபூதி எனக்கு. வண்டியில் மட்டும் அவள் முந்துவாளா என்று அவள் மாவு ஏற்ற ஆரம்பித்த முதல் நாளே கத்தினேன். அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "அக்காவோடது மொதல்ல ஏறட்டும்" என்று தலையை ஆட்டினாள். ஜெயித்துவிட்டேன் என்று அன்றைக்குப் பாயசம் வைத்தேன், நான் ஒரு கூறுகெட்டவள். அன்றிலிருந்து என் மாவு கேபினை ஒட்டிக் காற்றில்லாமல் வெந்துகொண்டு ஆண்டிபட்டி வரை ஊர்வலம் போய்வருகிறது.

நான் கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெயில் ஏறியபின் வண்டி திரும்பி வந்தது. கடைக்கார அண்ணன் என் பாக்கெட் ஒன்றைக் கையில் எடுத்து விரலால் அமுக்கிப் பார்த்தார். அது பொம்மென்று இருந்தது.

"மாவு நல்ல மாவுதான் தங்கச்சி. ஆனா எங்கிட்ட வாரப்பவே பொங்கி முடிஞ்சுருது. இத நான் எங்க வச்சு விக்க?"

"வாரக் கடைசி வரைக்கும் பொறுங்கண்ணே" என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

அடுத்த நாள் விடிகாலை வாசலில் வண்டி நின்றது. அவள் தன் ட்ரேக்களோடு இறங்கி வந்து, வழக்கம்போல ஒதுங்கி நின்றாள்.

"ஒன்னோடத மொதல்ல ஏத்து" என்றேன்.

"அய்யய்யோ, அதெப்படிக்கா? மூத்தவுக நீங்க இருக்கையில எஞ்சாமான் மொதல்ல ஏறலாமா? பாக்குறவுக என்ன சொல்லுவாக?"

சொல்லிக்கொண்டே குனிந்து என் ட்ரேயைத் தூக்கினாள். எவ்வளவு பணிவு! நான் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். அவள் இழுக்க, நான் இழுக்க, ட்ரே நடுவில் ஆடியது. என் வீட்டுக்காரர் காபி டம்ளரோடு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்கு அந்த மரியாத வேண்டாம். விடு" என்றேன்.

அவள் விட்டாள். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "வேண்டாம்னு சொல்ல இம்புட்டு நாளாக்கா?" என்றாள்.

அமுக்குணி! முதல் நாளே தெரிந்திருக்கிறது. அன்றைக்கு அவள் ட்ரேக்களை நானே தூக்கி உள்ளே கடைசி வரை தள்ளினேன். என் மாவைக் கதவோரம் வைத்தேன். அந்த வாரம் முழுக்க அப்படித்தான் வைத்தேன். வாரக் கடைசியில் உசிலம்பட்டியிலிருந்து போன் வந்தது. பிரிட்ஜில் என் மாவாம். அவள் மாவு வேண்டாமாம். வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அவ்வளவு சந்தோசம் எனக்கு.

சில நாள் கழித்து என் அண்ணன் பெண்டாட்டி, உசிலம்பட்டி மதினி, போன் செய்தார்.

"ஏத்தா, ஒன் வீட்டுக்காரரு வண்டியில வந்து எறங்குற ஒங்க மாவத்தான தெனமும் அந்தப் பெரிய கடையில வாங்குறேன். காலையில மொத ஆளாப் போயி வாங்கியாந்துருவேன். கூடப் பொறந்தவ மாவுன்னு ஒங்கண்ணன் வேற மாவு தொட மாட்டாரு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்படியா மதினி?" என்றேன்.

"ஆனா இந்தப் பத்து நாளா என்னமோ மாத்திட்டியேத்தா. முன்ன ஒரு பாக்கெட்டு வந்துச்சு பாரு, அந்த ருசி வரல. ஒங்கண்ணனும் ஒரு இட்லியோட எந்திரிச்சுர்றாரு. பழையபடியே ஆட்டேன்."

காலையில் முதல் ஆளாக என்றால் அது யார் மாவு என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"சரி மதினி, ஆட்டுறவகிட்டச் சொல்லிர்றேன்" என்று போனை வைத்தேன்.