சாம்பிராணிக்கு வாசலே போதும்

எங்கள் மரப் பாலிஷ் கடைக்கு வெள்ளிக்கிழமைதோறும் மேலப்பாளையத்திலிருந்து ஒரு பாய் வந்து சாம்பிராணி போடுவார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். படிப்பை முடித்துவிட்டு அப்பாவுடன் கடையில் நிற்கிறேன்.

அன்று கட்டிலுக்குப் பாலிஷ் கலக்க, தின்னரைச் சட்டியில் ஊற்றித் தரையில் மூடாமல் வைத்திருந்தேன். மழைக்காகச் சன்னல்களையும் அடைத்திருந்தோம். பாய் தணல் தட்டோடு உள்ளே வந்தார். சட்டி எட்டத்தானே இருக்கிறது என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அவர் விசிறியதும் பொறி பறந்தது. தீ தரையோடு ஓடிப் போய்ச் சட்டியைப் பற்றிக்கொண்டது.

அப்பா தண்ணீர் வாளியைத் தூக்கினார்.

"தண்ணி வேண்டாம்ப்பா, தீ மிதந்து பரவும்!" என்று கத்திக்கொண்டே, பக்கத்தில் கிடந்த பிளைவுட் பலகையால் சட்டியை மூடினேன். தீ அடங்கியது. பாயின் கைலி ஓரம் கருகியிருந்தது. நல்லவேளை, காலில் காயமில்லை.

"ஏலே, சட்டி அங்கனல்லா கிடந்துச்சு? இங்கன பறந்த பொறி எப்படிலே அங்கன போய்ப் பத்துச்சு?" என்றார் அப்பா.

"தின்னரோட ஆவி காத்தை விடக் கனம்ப்பா. கண்ணுக்குத் தெரியாம தரையோட தவழ்ந்து நெருப்பைத் தேடி வரும்."

இப்போது தேவையான அளவு தின்னரை ஊற்றியதும் அதன் தகர டின்னை இறுக மூடி, வெளியே நிழலான தனிக் கொட்டகையில் வைத்துவிடுகிறோம். மழையானாலும் சன்னலைத் திறந்து வைத்தே வேலை செய்கிறோம். பாயும் தெருவிலேயே நின்றுகொள்கிறார்.

"அண்ணாச்சி, இந்தப் புகை உங்களைத் தேடி வராது. நீங்கதான் வரணும்" என்று சிரிப்பார். அப்பா தெருவில் இறங்கி, இரண்டு கைகளாலும் புகையை அள்ளி முகத்தில் ஒற்றிக்கொள்வார்.